எஃப்.டி. வட்டிக்கான வரியைச் சம்பளத்திலேயே பிடிக்கச் சொன்னேன், அதிகமாகப் பிடித்துவிட்டார்கள்

கேள்வி (கோவை):
வணக்கம். தனியார் கம்பெனியில் வேலை. 2025-26க்குப் புதிய வரிமுறை எடுத்திருக்கிறேன். 75,000 ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் போகச் சம்பள வருமானம் 16,50,000. எஃப்.டி. வட்டி 1,80,000 வரும். அட்வான்ஸ் டாக்ஸ் (வருடம் முடியும் முன்பே தவணையாகக் கட்டும் வரி) கட்டும் தேதியை ஒவ்வொரு தடவையும் தவறவிடுகிறேன். போன ஜூலையில் ரிட்டர்ன் போடும்போது அதற்காக 234பி, 234சி பிரிவுகளில் தாமத வட்டியும் சேர்த்துக் கட்டினேன். அது வேண்டாம் என்றுதான் செப்டம்பரில் கணக்குப் பிரிவில் வட்டி விவரத்தைக் கொடுத்து, எல்லாவற்றையும் சம்பளத்திலேயே பிடிக்கச் சொன்னேன். அக்டோபர் பே ஸ்லிப்பில் டிடிஎஸ் (சம்பளத்தில் பிடிக்கும் வருமான வரி) 6,240 ரூபாய் கூடியிருக்கிறது. மூவாயிரத்துச் சொச்சம்தான் வரும் என்று நினைத்தேன். தொழில் வரியும் இதில் சேர்ந்துவிட்டதா?

பதில் 1:
தொழில் வரி இல்லை தம்பி. அது மாநகராட்சிக்குப் போவது, அரையாண்டுக்கு ஒரு தடவை ஸ்லிப்பில் தனியாக வரும். வருமான வரியோடு அதைச் சேர்க்க முடியாது.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். வட்டி முழுக்க 20 சதவீத அடுக்கில் விழுகிறது. வரி 36,000, அதற்கு 4 சதவீத செஸ், மொத்தம் 37,440. ஆறு மாதத்துக்கு வகுத்தால் சரியாக 6,240. அதாவது வட்டியைச் சேர்த்தவர்கள், வங்கி பிடிக்கும் 10 சதவீதத்தைக் கழிக்கவில்லை. அந்த 18,000 போனால் 19,440தான், மாதம் 3,240.

படிவம் 12பிஏஏ கொடுத்தீர்களா? 2024 அக்டோபரிலிருந்துதான் அந்தப் படிவம். வேறு இடத்தில் பிடித்த டிடிஎஸ், டிசிஎஸ் (விற்பவர் நம்மிடம் வசூலிக்கும் வரி) இரண்டையும் அதில் எழுதிக் கொடுத்தால் சம்பளப் பிடித்தத்தில் கழிக்கலாம். அதற்கு முன்னாலும் கூடுதல் வருமானத்தைச் சேர்த்து, அதன்மேல் பிடித்த டிடிஎஸ்ஸைக் கழிக்கலாம், டிசிஎஸ்ஸைத்தான் கழிக்க முடியாது.

கேட்டவர்:
வெறும் மெயில்தான் அனுப்பினேன் சார். படிவம் எதுவும் கேட்கவில்லை. ஏப்ரலிலிருந்து பிடிக்காமல் அக்டோபரில் ஆரம்பித்ததற்கு 234சி வருமா?

பதில் 1:
வராது. சம்பளத்தில் எந்த மாதம் பிடித்தாலும், அட்வான்ஸ் டாக்ஸ் பார்க்கும்போது டிடிஎஸ் மொத்தத்தையும் முதலில் கழித்துவிடுவார்கள். மீதி 10,000 ரூபாய்க்குக் கீழே இருந்தால் அட்வான்ஸ் டாக்ஸே தேவையில்லை. என்னைக் கேட்டால், தேதி மறக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது.

பதில் 2:
ஒன்றைக் கவனியுங்கள். எங்கள் ஆபீஸ் பேரோல் மென்பொருளில் 'முந்தைய நிறுவன வருமானம்' என்று ஒரு கட்டம் உண்டு. ஒருவருக்கு வட்டியை அதில் போட்டு, படிவம் 16இல் சம்பளமாகவே வந்துவிட்டது. அந்தக் கட்டம் வேலை மாறியவர்கள் 12பி கொடுப்பதற்கு. நீங்கள் 'இதர வருமானம்' கட்டத்தில்தான் போடச் சொல்ல வேண்டும். அப்புறம், உங்கள் வட்டி விவரம் ஆபீஸுக்குத் தெரியும். அதை விரும்பாதவர்கள் அட்வான்ஸ் டாக்ஸை நேராகக் கட்டுவதே நல்லது.

கேட்டவர்:
தெரிந்தால் தெரியட்டும். மனைவி பெயரில், அவர் பணத்தில் போட்ட எஃப்.டி.யும் இருக்கிறது. அதையும் சேர்க்கலாமா?

பதில் 1:
வேண்டாம். அது அவர் பான், அவர் வருமானம்.

கேட்டவர் (டிசம்பர்):
12பிஏஏவும் 26ஏஎஸ் (என் பெயரில் பிடித்த வரியின் பட்டியல்) நகலும் கொடுத்தேன். 19,440இல் அக்டோபரில் பிடித்த 6,240 போக மீதி 13,200. நவம்பர் ஸ்லிப்பில் கூடுதல் பிடித்தம் 2,640. மார்ச் வரை இதேதான் என்று சொல்லியிருக்கிறார்கள். ரொம்ப நன்றி சார்.