கடன் ஏறினால் ஓட்டு குறையுமா?

தேர்தல்மாணவன்:
அரசுக் கடன் எக்கச்சக்கமாக ஏறிய பிறகும் சில ஆளுங்கட்சிகள் திரும்ப வருகின்றன. செலவை வெட்டித் தள்ளிய அரசுகள் சில நாடுகளில் ஜெயித்திருக்கின்றன, சில நாடுகளில் துடைத்தெறியப்பட்டிருக்கின்றன. 'கடன் வாங்கிச் செலவழித்தால் ஓட்டு விழும்' என்ற பேச்சு எவ்வளவு தூரம் உண்மை? கடனுக்கும் ஜிடிபிக்கும் (நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்திக்கும்) உள்ள விகிதத்தை ஒரு பக்கமும் ஆளுங்கட்சியின் ஓட்டு சதவீதத்தை மறுபக்கமும் போட்டுப் பார்த்தால் ஒரு தொடர்பும் பிடிபடவில்லை. வேறு எதைப் பார்க்க வேண்டும்?

வரவுசெலவு:
பிடிபடாது. கடன் என்பது பல அரசுகள் விட்டுப்போன பாக்கி. அதோடு, இப்போதைய அரசு ஒன்றும் செய்யாமலேயே அந்த விகிதம் ஏறும், இறங்கும். கடன் ஜிடிபியில் 60 சதவீதம், சராசரி வட்டி 7, விலைவாசியும் சேர்த்த வளர்ச்சி 10 என்று வையுங்கள். வட்டி நீங்கலாக வரவும் செலவும் சமமாக இருந்தாலே அடுத்த ஆண்டு விகிதம் 58.4க்கு இறங்கிவிடும். வளர்ச்சி 5 ஆகக் குறைந்தால் அதே கடன் 61.1. ஆக நீங்கள் அளந்தது அரசின் கைவேலையை இல்லை, வளர்ச்சியை. வளர்ச்சி தானாகவே ஓட்டை நகர்த்தும் என்பதால் குழப்பம் இரட்டிப்பாகிறது.

எடுக்க வேண்டியது முதன்மைப் பற்றாக்குறை, அதாவது வட்டியைக் கழித்த பற்றாக்குறை. அதிலும் மந்தநிலையால் தானாக ஏற்பட்ட வரி இழப்பை நீக்கிவிட்டு, தேர்தல் ஆண்டில் எவ்வளவு மாறியது என்று பாருங்கள்.

செல்லாக்காசு:
மொத்தத் தொகையை விட அது எந்த வாசல் வழியாக வாக்காளர் கைக்குப் போகிறது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. உருகுவேயில் 2005 முதல் 2007 வரை பானெஸ் என்று ஏழைக் குடும்பங்களுக்கு மாதப் பணம் கொடுத்தார்கள். தகுதி மதிப்பெண்ணுக்கு ஒரு கோடு போட்டிருந்ததால், கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மயிரிழையில் நின்றவர்களை ஒப்பிட முடிந்தது. பணம் பெற்றவர்களிடம் ஆளும் அரசுக்கான ஆதரவு 11 முதல் 13 சதவீதப் புள்ளி அதிகம். வறுமை அளவில் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தவர்கள் என்பதால் இந்த எண்ணை நம்பலாம்.

நேரமும் முக்கியம். 1972இல் அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் 20 சதவீதம் உயர்ந்தது. கூடுதல் தொகையோடு காசோலை வீட்டுக்கு வந்தது அக்டோபரில், வாக்குப்பதிவு நவம்பரில், அதற்கான வரி உயர்வு மறு ஜனவரியில். யார் திட்டமிட்டது என்பது தனி விவாதம். வரிசை மட்டும் பாடப்புத்தகத்தில் வைக்கலாம்.

கண்ணுக்குத் தெரியாத செலவுக்கு இந்த மரியாதை கிடையாது. அதே நாட்டில் பேரிடர் செலவுகளை வைத்து ஹீலி, மல்ஹோத்ரா இருவரும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், பேரிடர் வந்த பிறகு கொடுக்கும் நிவாரணத்துக்கு ஓட்டு விழுந்தது, வருமுன் காக்கும் செலவுக்கு விழவில்லை. ஆனால் தடுப்புக்குப் போடும் ஒரு டாலர் பின்னால் சுமார் 15 டாலர் சேதத்தைத் தவிர்க்கிறது என்பதும் அவர்கள் கணக்குதான். அணை பராமரிப்புக்கும் வடிகாலுக்கும் முதலில் கத்தி விழுவதன் காரணம் இதில் இருக்கிறது.

எதிர்க்கணக்கு:
செல்லாக்காசு சொன்னது சரி, ஆனால் அதிலிருந்து 'பற்றாக்குறை ஓட்டு தரும்' என்று தாவக் கூடாது. பிரெண்டர், ட்ராசன் என்ற பொருளாதார ஆய்வாளர்கள் 74 நாடுகளின் 1960–2003 தரவை ஆராய்ந்தபோது, தேர்தல் ஆண்டில் பற்றாக்குறை கூடியதால் ஆளுங்கட்சி திரும்ப வரும் வாய்ப்பு எந்த வகை நாட்டிலும் கூடவில்லை. நெடுங்காலமாக ஜனநாயகம் உள்ள நாடுகளில் குறைந்தது. அமெரிக்காவில் பெல்ட்ஸ்மன் என்ற பொருளாதார ஆய்வாளர் 1992இலேயே செலவை வேகமாகக் கூட்டிய ஆளுங்கட்சிகளை வாக்காளர்கள் தண்டித்ததாகக் காட்டினார்.

இரண்டும் முரண் இல்லை. பணம் பெற்றவர் நகர்வார். பெறாதவர் வரியை, விலைவாசியை, 'எனக்கு ஏன் இல்லை' என்பதை எண்ணி எதிர்ப்பக்கம் நகர்வார். உருகுவே ஆய்வு முதல் கூட்டத்தை அளக்கிறது, நாடுகளை ஒப்பிடும் ஆய்வு இரண்டு கூட்டத்தையும் கூட்டிக் கழித்த மிச்சத்தை அளக்கிறது. போதாததற்கு எதிர்க்கட்சியும் அதே தொகையையோ அதற்கு மேலோ வாக்குறுதி கொடுத்துவிட்டால், திட்டம் இருக்கும், அதனால் வரும் முன்னிலை இருக்காது.

நிலுவை:
கடன் நேரடியாக ஓட்டை உடைப்பது அது சம்பவமாக மாறும்போதுதான். அயர்லாந்தை எடுங்கள். 2007இல் கடன் ஜிடிபியில் கால் பங்கு அளவே. வங்கிகளைத் தூக்கி நிறுத்திய செலவால் 2010 பற்றாக்குறை 30 சதவீதத்தைத் தாண்டியது, அந்த நவம்பரில் வெளியாரின் நிபந்தனைக் கடன் வந்தது, 2011 பிப்ரவரியில் ஆளுங்கட்சியான ஃபியன்னா ஃபாயில் 41 சதவீதத்திலிருந்து 17க்கு விழுந்தது. கடனின் அளவைப் பார்த்து 2007இல் யாரும் இதை முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது.

கிரீஸில் இன்னும் கொடுமை. 2009 அக்டோபரில் ஆட்சிக்கு வந்த பாசோக்தான் அந்த ஆண்டுப் பற்றாக்குறை 12 சதவீதத்துக்கு மேல் என்று வெளியே சொன்னது (கடைசித் திருத்தத்தில் 15ஐத் தாண்டியது). வெட்டியதும் அதுவே. 2009இல் சுமார் 44 சதவீதம் வாங்கிய கட்சி 2012 மே மாதம் 13 சதவீதம். பள்ளத்தைத் தோண்டியதில் பங்கிருந்த முந்தைய ஆளுங்கட்சியும் சரிந்தது, ஆனால் பில்லை நீட்டிய கைக்குத்தான் அடி பலம்.

மறுபக்கம்: கனடாவில் லிபரல்கள் 1995 பட்ஜெட்டில் பெரிதாக வெட்டி, 1997இல் பெரும்பான்மையோடு திரும்பினார்கள், இடங்கள் குறைந்தாலும். லாட்வியாவில் 2009இல் பொருளாதாரம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கிய நிலையிலும், வெட்டிய பிரதமர் டோம்ப்ரோவ்ஸ்கிஸின் அணி 2010 அக்டோபரில் முதலிடம் பிடித்தது. இங்கே ஒரு எச்சரிக்கை: ஜெயிப்போம் என்ற தெம்பு உள்ள அரசுதான் பெரும்பாலும் தானாக முன்வந்து வெட்டும், அதுவும் பதவிக்காலத்தின் முதல் பாதியில். ஆகவே 'வெட்டினால் ஆபத்தில்லை' என்று தரவு காட்டுவதில் பாதி, தெம்பு உள்ளவர்கள் மட்டும் வெட்டியதன் விளைவு.

தேர்தல்மாணவன்:
நன்றி. அப்படியானால் எல்லாத் தேர்தலையும் ஒரே பட்டியலில் சேர்த்தது தவறு. முன்கூட்டியே நடத்தப்பட்டவற்றை நீக்கிவிடட்டுமா?

வரவுசெலவு:
தனியாக வையுங்கள். பொருளாதாரம் நன்றாக இருக்கும்போது தேதியை முன்னுக்கு இழுத்திருந்தால், செலவு தேர்தலை நகர்த்தியதா தேர்தல் செலவை நகர்த்தியதா என்று பிரிக்க முடியாது. முக்கிய முடிவை, தேதி சட்டத்தால் குறிக்கப்பட்டவற்றை மட்டும் வைத்து எடுங்கள்.

நிதியாண்டையும் சரிபாருங்கள். நிதியாண்டு தொடங்கி இரண்டாம் மாதத்தில் வாக்குப்பதிவு என்றால் தேர்தல் செலவு முழுக்க முந்தைய ஆண்டுக் கணக்கில் கிடக்கும். 'தேர்தல் ஆண்டு' என்று நீங்கள் குறித்தது உண்மையில் புதிய அரசு பிரேக் போட்ட ஆண்டாக இருக்கும். மாதக் கணக்கு கிடைத்தால் வாக்குப்பதிவுக்கு முந்தைய 12 மாதத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

நிலுவை:
என் பெயரையே சேர்த்துக்கொள்ளுங்கள். ஒப்பந்ததாரர் பில்லைத் தேர்தல் முடியும்வரை கட்டாமல் வைத்தால், ரொக்கக் கணக்கில் பற்றாக்குறை அழகாகத் தெரியும். அரசு நிறுவனம் கடன் வாங்கி, அரசு உத்தரவாதம் மட்டும் கொடுத்தாலும் பட்ஜெட்டில் வராது. மின்கட்டணத்தை உயர்த்தாமல் மின்வாரியத்தை நஷ்டத்தில் ஓட்டுவதும் இந்தக் கணக்கில்தான் சேரும். இதைப் பிடிக்க எளிய வழி: அரசு உத்தரவாதம் கொடுத்த கடனையும் சேர்த்து, ஆண்டு இறுதிக் கடனிலிருந்து ஆண்டுத் தொடக்கக் கடனைக் கழித்து, அறிவித்த பற்றாக்குறையோடு ஒப்பிடுங்கள். வெளிநாட்டுக் கடனின் மாற்று விகித ஏற்றத்தைக் கழித்த பிறகும் ஒவ்வொரு தேர்தல் ஆண்டிலும் கடன் கூடுதலாக ஏறியிருந்தால், அந்த வித்தியாசத்தின் விவரம் தணிக்கை அறிக்கையின் உத்தரவாதப் பட்டியலில் பெரும்பாலும் கிடைக்கும். கட்டாத பில் மட்டும் அங்கேயும் இருக்காது. அதற்கு அடுத்த ஆண்டு முதல் காலாண்டின் செலவு திடீரென்று எகிறுகிறதா என்று பாருங்கள்.