ஒரு பேரல் புளிக்கிறது, இன்னொன்று நாறுகிறது: நொதித்த உரம் பற்றி ஒரு கேள்வி

புதுப்பாத்தி:
எல்லோருக்கும் வணக்கம். தோட்டக் கழிவையும் சமையலறைக் கழிவையும் நொதிக்கவைத்து உரம் எடுக்கப் பார்க்கிறேன். 200 லிட்டர் பேரல் இரண்டு. ஒரே நாளில் போட்டது, ஒரே நிழலில் நிற்கிறது, இரண்டுக்கும் இறுக்கமான மூடி.

முதல் பேரலில் பழத்தோல், காய்கறி நறுக்கிய மிச்சம், காய்ப்பு ஓய்ந்த தக்காளிச் செடியின் தண்டு. 1 பங்கு வெல்லம், 3 பங்கு கழிவு, 10 பங்கு தண்ணீர். மேலே வெள்ளையாக ஏடு படிந்திருக்கிறது. வாசனை புளிப்பு, கொஞ்சம் பழவாடை.

இரண்டாவதில் வெட்டிய புல், பூப்பதற்கு முன் பிடுங்கிய பயறுவகைச் செடி, பச்சைச் சாணம், மிஞ்சிய சாப்பாடு. வெல்லம் கொஞ்சம்தான். இது கறுத்துவிட்டது. மூடியைத் தூக்கினாலே அழுகிய முட்டை நாற்றம் குப்பென்று அடிக்கிறது.

இரண்டாவதைக் காப்பாற்ற வழி உண்டா? முதலாவதை எவ்வளவு தண்ணீர் கலந்து ஊற்றுவது?

நிழல்வலை:
வெள்ளை ஏடு ஈஸ்ட்தான், பயப்படாதீங்க. நாறுகிற பேரலில் அடுப்புச் சாம்பலும் சுண்ணாம்பும் போட்டுக் கலக்கிவிடுங்க, வாடை அடங்கிடும். அப்புறம் தாராளமாச் செடிக்கு விடலாம்.

வேர்முடிச்சு:
தம்பி, சாம்பலும் வேண்டாம், சுண்ணாம்பும் வேண்டாம். முட்டை நாற்றம் குறையும், அது உண்மை. ஆனால் காரம் ஏறினால் அதில் கரைந்திருக்கிற அமோனியம் அமோனியா வாயுவாகிப் பறந்துவிடும். தழைச்சத்தை (நைட்ரஜனை) காற்றில் விட்டுவிட்டுக் கறுப்புத் தண்ணீரை வைத்துக்கொண்டு என்ன பயன்?

முதலில் ஒரு எச்சரிக்கை. அந்த நாற்றம் ஹைட்ரஜன் சல்ஃபைடு. பேரலுக்குள் தலையை நீட்டிக் கலக்காதீங்க, மூடின அறையில் திறக்கவே திறக்காதீங்க. அளவு கூடினால் இந்த வாயு மூக்கையே மரத்துப்போக வைக்கும். நாற்றம் நின்றுவிட்டது என்று நினைக்கிற நேரம்தான் ஆபத்தான நேரம். பெரிய கழிவுத் தொட்டிகளில் ஆட்கள் சாவது இப்படித்தான்.

ஏன் கெட்டது என்று கேட்டால், சர்க்கரை போதவில்லை. முதல் பேரலில் லாக்டிக் பாக்டீரியா வெல்லத்தைத் தின்று அமிலமாக்கியது. பி.எச். (இது குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4 பக்கம் இறங்கியதும் அழுகவைக்கும் கிருமிகளில் பெரும்பாலானவை அடங்கிவிடும். இரண்டாவதில் புரதம் நிறைந்த பயறுவகைச் செடியும் சாணமும் இருக்கின்றன. வருகிற கொஞ்ச அமிலத்தையும் அவை ஈடுகட்டிவிடும், பி.எச். இறங்காது. அந்த அவகாசத்தில் கிளாஸ்ட்ரிடியம் என்ற அழுகவைக்கும் பாக்டீரியா உள்ளே புகுந்துவிடுகிறது. மாட்டுக்கு ஊறுகாய்ப்புல் (காற்றுப் புகாமல் அடைத்துப் புளிக்கவைத்த தீவனம்) போடுகிறவர்களுக்கு இது பழகின சங்கதி: மக்காச்சோளத் தட்டை தானாகவே பதமாகும், குதிரைமசாலைத் தனியாக அடைத்தால் வெல்லப்பாகு இல்லாமல் பெரும்பாலும் கெடும்.

அதைத் திரும்பப் புளிக்கவைக்க முயற்சி செய்ய வேண்டாம். வெட்டவெளியில் காய்ந்த சருகு, வைக்கோல், மரத்தூள் எது கிடைக்கிறதோ நிறையப் பரப்பி, அதன்மேல் ஊற்றிக் கலந்து குவியலாக்குங்க. கரிமமும் தழைச்சத்தும் 25 அல்லது 30க்கு 1 என்ற விகிதத்துக்கு வந்தால் குவியல் தானே சூடேறும். 55 டிகிரியைத் தாண்டிச் சில நாள் நிற்கட்டும். பிறகு புரட்டிவிடுங்க, ஓரத்தில் இருந்தது நடுவுக்கு வரும்படி. காற்றுப் பட்டதும் நாற்றமும் போய்விடும். அது நல்ல மக்கு உரமாகும், எதுவும் வீணாகாது.

இப்போது நல்ல பேரலுக்கு வருகிறேன். நான் சொல்ல விரும்புவது இதைப் பற்றித்தான். உள்ளே கைவிட்டு ஒரு தக்காளித் தண்டை எடுத்து விரலில் நசுக்கிப் பாருங்க. நார் நாராக, விறைப்பாகத்தான் இருக்கும். தோலும் உருவம் குலையாமல் கிடக்கும். நொதித்தது மக்கினது ஆகாது. அமிலம் அதைக் கெடாமல் காத்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான். சாம்பல்சத்து (பொட்டாசியம்) செடித் திசுவோடு ஒட்டி நிற்பதில்லை, அதனால் தண்ணீரில் இறங்கிவிடும். தழைச்சத்தில் பெரும்பங்கு இன்னும் அந்தச் சக்கையில் புரதமாகவே இருக்கிறது. திரவத்தை மட்டும் வடித்துக்கொண்டு சக்கையைக் குப்பையில் கொட்டுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வேதனையாக இருக்கும். நல்ல பாதியைத் தூக்கி எறிகிறார்கள்.

சக்கையை ஒரு சாண் ஆழத்தில் கால்வாய் பறித்துப் போட்டு மண்ணோடு பிசிறி மூடுங்க. இரண்டு வாரம் அந்த இடத்தில் எதையும் நடாதீங்க, அமிலம் இளம் வேரைச் சுட்டுவிடும். அதற்குள் மண்புழு வந்துவிட்டால் மண் அதை ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம்.

திரவத்தை வடிகட்டி 1 பங்குக்கு 100 பங்கு தண்ணீர் சேர்த்து, ஈரமான மண்ணில் வேருக்கு விடுங்க. சந்தேகமாக இருந்தால் அந்தக் கலவையில் கொஞ்சம் பயறும் வெறும் தண்ணீரில் கொஞ்சம் பயறும் முளைகட்டிப் பாருங்க. கலவையில் முளைவேர் குட்டையாகவோ பழுப்பாகவோ இருந்தால் இன்னும் நீர்க்க வேண்டும்.

புதுப்பாத்தி:
நன்றி அக்கா. சக்கை இவ்வளவு முக்கியம் என்று யாருமே சொல்லவில்லை. இன்னும் இரண்டு கேள்வி. அடுத்த முறைக்கு கடையில் விற்கும் ஈ.எம். என்ற நுண்ணுயிர்த் திரவம் வாங்க வேண்டுமா? பச்சையாகச் சாப்பிடும் கீரைக்கு இதைத் தெளிக்கலாமா?

களைக்கொத்தி:
நடுவில் ஒன்று சொல்லிவிடுகிறேன். விதை முற்றிய களையைப் பேரலில் போடாதீங்க. இதில் சூடு ஏறாது, அதனால் எல்லா விதையும் செத்துவிடும் என்று நம்ப முடியாது. சாணம், வைக்கோல் வெளியில் வாங்கினால் அந்த நிலத்தில் களைக்கொல்லி அடித்தார்களா என்று கேளுங்க. அமினோபைரலிட், குளோபைரலிட் மாதிரி மருந்துகள் மாட்டு வயிற்றைத் தாண்டி வரும், மக்கு உரத்திலும் தங்கும். தக்காளி, அவரை நுனி சுருண்டு போவதில்தான் தெரியும்.

வேர்முடிச்சு:
களைக்கொத்தி சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்க, தம்பி.

ஈ.எம். கட்டாயம் இல்லை. 1980களில் ஒகினாவாவில் பேராசிரியர் தெருவோ ஹிகா உருவாக்கிய கலவை அது: லாக்டிக் பாக்டீரியா, ஈஸ்ட், ஒளிச்சேர்க்கை பாக்டீரியா. நன்றாகவே வேலை செய்யும். ஆனால் லாக்டிக் பாக்டீரியா இலையிலும் தோலிலும் ஏற்கெனவே இருக்கிறது. விரைவாகத் தொடங்க வேண்டுமென்றால் தயிர் வடித்த தெளிநீர் போதும். சுவிட்சர்லாந்தில் நான்காண்டு வயல் ஆய்வு ஒன்று செய்து 2010இல் வெளியிட்டார்கள். உயிருள்ள ஈ.எம்., கிருமி நீக்கிய ஈ.எம். இரண்டையும் போட்டு ஒப்பிட்டார்கள். கிடைத்த பலன் கூடவே போட்ட பொருளின் சத்தால் வந்தது, நுண்ணுயிரால் வந்ததாகத் தெரியவில்லை என்று கண்டார்கள். அதனால் பணத்தைப் புட்டிக்குச் செலவிடுவதைவிட பேரலில் போடுகிற கழிவைப் பொடியாக நறுக்குவதில் அக்கறை காட்டுங்க. நறுக்கினால்தான் சாறு வெளியே வரும், அமிலம் சீக்கிரம் ஏறும்.

கீரைக்குத் தெளிக்க வேண்டாம். அமிலம் ஈ.கோலை, சால்மோனெல்லாவைக் குறைக்கும், முழுசாக ஒழிக்கும் என்று நம்பி இலையில் அடிக்க முடியாது. சாணம் சேர்ந்த பேரல் என்றால் கீரைப்பாத்தி பக்கமே கொண்டுபோகாதீங்க. அமெரிக்க இயற்கை வேளாண் விதியில் பச்சைச் சாணம் போட்ட மண்ணில், மண்ணைத் தொட்டு விளைகிற பயிரை 120 நாள் கழித்துத்தான் அறுக்க வேண்டும். மண்ணைத் தொடாத பயிருக்கு 90 நாள். நான் அந்தக் கணக்கைத்தான் வைத்திருக்கிறேன். கீரைக்குச் சூடேறி மக்கிய உரம், நொதித்த திரவம் மரங்களுக்கும் பந்தல் கொடிகளுக்கும் வேரில் மட்டும்.

மிஞ்சிய சமைத்த சாப்பாட்டில் உப்பும் எண்ணெயும் இருக்கும், அதைக் கொஞ்சமாகவே சேருங்க. முதல் இரண்டு வாரம் தினம் ஒரு முறை மூடியைத் தளர்த்திக் கரியமில வாயுவை விட்டுவிட்டு உடனே மூடுங்க, இல்லையென்றால் மூடி பறக்கும்.