ஒரு குளுக்கோஸுக்கு 38 ஏடிபியா, 32-ஆ, 30-ஆ?

பச்சையம்21 கேட்டது:
பழைய புத்தகங்களில் ஒரு குளுக்கோஸ் முழுதாக எரிந்தால் 38 ஏடிபி (ATP, செல்லின் ஆற்றல் நாணயமான ட்ரைபாஸ்பேட்), சிலவற்றில் 36. இப்போதைய உயிர்வேதியியல் நூல்களில் 32 அல்லது 30. எலக்ட்ரான்களைச் சுமந்து செல்லும் என்ஏடிஎச் (NADH) 10, எஃப்ஏடிஎச்2 (FADH2) இரண்டு, நேரடியாகக் கிடைக்கும் 4 என்ற கணக்கு இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் ஒரு என்ஏடிஎச்சுக்கு 3 ஏடிபி என்று இருந்தது 2.5 ஆகிவிட்டது. அரை மூலக்கூறு எப்படி உருவாகும்? இதை ஆய்வகத்தில் எப்படி அளக்கிறார்கள்?

இழைமணி:
அரை மூலக்கூறு எங்கும் உருவாவதில்லை, 2.5 என்பது சராசரி. என்ஏடிஎச் தன் கையால் ஏடிபி செய்வதில்லை. அது தரும் இரண்டு எலக்ட்ரான்கள் ஆக்சிஜனைப் போய்ச் சேர்வதற்குள் மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வுக்கு வெளியே புரோட்டான்கள் தள்ளப்படுகின்றன. அந்தச் சவ்வில் எலக்ட்ரானைக் கடத்தும் புரதத் தொகுதிகளான காம்ப்ளெக்ஸ் 1-ல் 4, காம்ப்ளெக்ஸ் 3-ல் 4, காம்ப்ளெக்ஸ் 4-ல் 2, ஆக 10. எஃப்ஏடிஎச்2-வின் எலக்ட்ரான்கள் காம்ப்ளெக்ஸ் 1-க்குப் போகாமல் நடுவில் நுழைவதால் 6 மட்டும்.

அந்தப் புரோட்டான்கள் ஏடிபி சிந்தேஸ் என்னும் நொதி வழியாகத் திரும்பி உள்ளே வரும்போதுதான் ஏடிபி உண்டாகிறது. ஒரு ஏடிபிக்கு ஏறக்குறைய 3 புரோட்டான். உண்டான ஏடிபியை வெளியே அனுப்பி, அதற்கான மூலப்பொருளான டைபாஸ்பேட்டையும் (ADP) பாஸ்பேட்டையும் உள்ளே கொண்டுவர இன்னொன்று. மொத்தம் 4 என்றால் 10/4 = 2.5, 6/4 = 1.5. இனி கூட்டிப் பாருங்கள்: 25 + 3 + 4 = 32.

அந்த 3-உம் தோராயம்தான். சிந்தேஸின் சுழலும் சி-வளையம் ஒரு முழுச் சுற்று சுற்றினால் 3 ஏடிபி. ஒரு சுற்றுக்கு எத்தனை புரோட்டான் என்பதை வளையத்தில் உள்ள துணையலகுகளின் எண்ணிக்கை முடிவு செய்கிறது. மாட்டு இதயத்தில் அது 8 என்று 2010-ல் வெளியான கட்டமைப்பு காட்டியது. அப்படியானால் 8/3 + 1 = 3.67, என்ஏடிஎச்சுக்கு 2.7 வரும். ரொட்டி ஈஸ்டில் வளையம் 10, அதோடு காம்ப்ளெக்ஸ் 1 கிடையவே கிடையாது. அங்கே 6/4.33, அதாவது 1.4 மட்டுமே. எல்லா உயிருக்கும் பொருந்தும் ஒரே எண்ணைத் தேடுவதே தவறு.

36-உம் 30-உம் வருவதற்குக் காரணம் வேறு. குளுக்கோஸ் உடையும் முதற்கட்டமான கிளைக்காலிசிஸில் உண்டாகும் 2 என்ஏடிஎச் உட்சவ்வைத் தாண்ட முடியாது. கல்லீரலிலும் இதயத்திலும் மேலேட்-அஸ்பார்டேட் என்ற கடத்தல் பாதை வழியாக எலக்ட்ரான்கள் உள்ளே போகின்றன, இழப்பு குறைவு. எலும்புத் தசையிலும் மூளையிலும் பெரிதும் கிளிசரால் பாஸ்பேட் வழி. அதில் எலக்ட்ரான்கள் எஃப்ஏடி மேல் ஏறி எஃப்ஏடிஎச்2 ஆகிவிடுவதால் 2 ஏடிபி குறைகிறது.

ஆக்சிமின்முனை:
அளவீட்டுப் பக்கம் மட்டும் சொல்கிறேன். கல்லீரலை 250 மில்லிமோலார் சுக்ரோஸில், பனிக்கட்டி மேல் வைத்து அரைத்து மைட்டோகாண்ட்ரியாவைப் பிரிக்க வேண்டும். கால்சியத்தைப் பிடிக்க ஈஜிடிஏ, கொழுப்பமிலத்தை உறிஞ்ச கொழுப்பு நீக்கிய பிஎஸ்ஏ (மாட்டு அல்புமின் புரதம்) கட்டாயம். தனிக் கொழுப்பமிலம் மிஞ்சினால் சவ்வு கசியும், சுவாசம் ஓடும், ஏடிபி வராது.

ஆக்சிஜன் மின்முனை உள்ள மூடிய அறையில் என்ஏடிஎச் தரும் எரிபொருளாகக் குளூட்டமேட்டும் மேலேட்டும் சேர்த்து, 300 நானோமோல் டைபாஸ்பேட் (ADP) போடுங்கள். ஆக்சிஜன் வேகமாக இறங்கி, டைபாஸ்பேட் தீர்ந்ததும் கோடு வளையும். வேகமான பகுதியில் 60 நானோமோல் ஆக்சிஜன் போயிருந்தால் அது 120 நானோமோல் அணு. ஒரு என்ஏடிஎச்சின் இரண்டு எலக்ட்ரான்களும் ஓர் அணுவுக்குப் போவதால், 300/120 = 2.5. மூலக்கூறை அணுவாக மாற்ற மறந்தால் 5 வரும், மாணவர் ஏடுகளில் அதிகம் பார்க்கும் பிழை இதுதான். டைபாஸ்பேட் பொடியில் ஈரமும் ஏஎம்பியும் (மோனோபாஸ்பேட்) கலந்திருக்கும். எடை போட்ட அளவை அப்படியே நம்பாமல் நொதி முறையில் சரிபாருங்கள்.

பழைய நூல்களில் என்ஏடிஎச்சுக்கு 3 எப்படி வந்தது? அளவீடுகள் 2.5 பக்கம் நின்றாலும், ஏதோ ஒரு வேதி இடைப்பொருள் இருந்தே ஆக வேண்டும், எனவே முழு எண்தான் சரி என்று மேலே தள்ளினார்கள். 1961-ல் பீட்டர் மிட்செல் புரோட்டான் சரிவை முன்வைத்த பிறகுதான் பின்னத்துக்கு இடம் கிடைத்தது.

பச்சையம்21:
தெளிவு, நன்றி. பயிற்சித் தரவு ஒன்றில், எஃப்ஏடி வழியாக எலக்ட்ரான் தரும் சக்சினேட்டுக்கு 1.5 வராமல் 1.9 வருகிறது. மின்முனைக் கோளாறா?

ஆக்சிமின்முனை:
முதலில் ரோட்டினோன் (காம்ப்ளெக்ஸ் 1-ஐத் தடுக்கும் பொருள்) சேர்த்தார்களா என்று பாருங்கள். சக்சினேட் ஃபியூமரேட்டாகி, மேலேட்டாகி, அது ஆக்ஸலோஅசிட்டேட்டாகும்போது என்ஏடிஎச் உண்டாகும். அதுவும் காம்ப்ளெக்ஸ் 1 வழியாக எரிந்தால் எண் 1.5-க்கும் 2.5-க்கும் நடுவில் நிற்கும். 2 மைக்ரோமோலார் ரோட்டினோன் அதை அடைத்துவிடும். அது தண்ணீரில் கரையாது, எத்தனாலில் கரைத்துச் சேர்க்க வேண்டும். அறைச் சுவரில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் அடுத்த ஓட்டத்துக்கு முன் எத்தனாலால் பலமுறை கழுவுங்கள்; இல்லையென்றால் குளூட்டமேட், மேலேட் போட்டும் சுவாசமே தொடங்காது.