பால், முட்டை, தேனுக்காக எந்த உயிரையும் கொல்வதில்லையே, பிறகு ஏன் தவிர்க்க வேண்டும்?

கேள்வி:

ஒருவர் அறத்தின் பொருட்டு இறைச்சியை மறுப்பது எனக்கு விளங்குகிறது. ஆனால் கறந்த பிறகும் பசு உயிரோடுதான் நிற்கிறது; சேவல் சேராத முட்டையிலிருந்து குஞ்சு வரப்போவதில்லை; தேனை எடுத்த பிறகும் தேனீக்கள் பூத்தேடிப் போகின்றன. வீகன்கள் எனப்படும் நனிசைவர்கள் இவற்றையும் இறைச்சியைப் போலவே ஒதுக்குவதற்கு அறம் சார்ந்த காரணம் என்ன? உடல்நலம், சுற்றுச்சூழல் பற்றிய வாதங்களை இங்கே விட்டுவிடலாம்.

பதில் 1:

முட்டையை முதலில் எடுத்துக்கொள்வோம். முட்டைக்கென உருவாக்கிய இனத்தின் சேவல் முட்டையும் இடாது, இறைச்சிக்கோழியைப் போல விரைவில் சதையும் பிடிக்காது. ஆகவே அதற்குத் தீனி போடுவது நட்டம் என்று கருதி, பொரிப்பகங்களில் ஆண் குஞ்சுகளைப் பெரும்பாலும் முதல் நாளிலேயே வாயுவாலோ அரைக்கும் எந்திரத்தாலோ கொன்றுவிடுகிறார்கள். ஜெர்மனி 2022 முதல் இதைத் தடை செய்திருக்கிறது. குஞ்சு பொரிப்பதற்கு முன்பே முட்டைக்குள் பாலினத்தைக் கண்டறியும் முறைகளும் வந்துள்ளன. ஆனாலும் பெட்டையின் நிலை அதனால் மாறவில்லை. காட்டுக்கோழி ஆண்டுக்கு ஏறத்தாழ 10 முதல் 15 முட்டைகள் இடும். வணிகக் கோழியோ 300 வரை இடுகிறது. அத்தனை ஓடுகளுக்கும் சுண்ணாம்புச் சத்து அதன் எலும்பிலிருந்தும் போவதால் எலும்பு முறிவுகள் மிகுதி. முட்டை குறைந்ததும் அதுவும் அறுப்புக்குத்தான் போகிறது.

பதில் 2:

பாலிலும் இதுவே நடக்கிறது, சற்று மெதுவாக. கன்று ஈனாமல் பசு கறக்காது. ஆகவே வணிகப் பண்ணைகளில் அதற்குத் தொடர்ந்து சினையூட்டுகிறார்கள், ஈன்ற கன்றைப் பெரும்பாலும் சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ தாயிடமிருந்து பிரிக்கிறார்கள். பிறப்பவற்றில் ஏறக்குறைய பாதி காளைக்கன்றுகள். பால் பண்ணைக்கு அவற்றால் பயனில்லாததால் பல இடங்களில் இறைச்சிக்கு விற்றுவிடுகிறார்கள். ஏறத்தாழ 20 ஆண்டுகள் வாழக்கூடிய பசுவைத் தீவிரப் பண்ணைகளில் 5, 6 வயதிலேயே கழித்து அறுப்புக்கு அனுப்பிவிடுகிறார்கள். பாலாடைக்கட்டியில் இத்தொடர்பு இன்னும் நேரடியானது: பாலைத் திரித்துக் கட்டியாக்கப் பயன்படும் மரபான ரென்னெட் என்பது இளங்கன்றின் நான்காம் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதி. நுண்ணுயிர்களைக் கொண்டு தயாரிக்கும் மாற்று இப்போது பரவலாகக் கிடைத்தாலும், பாலைக் குறித்த கேள்வி அப்படியேதான் இருக்கிறது.

பதில் 3:

தேனில் நனிசைவர்களிடையே முழு ஒற்றுமை இல்லை. பூ இல்லாத காலத்துக்கென்று தேனீக்கள் சேர்த்ததை எடுத்துக்கொண்டு சர்க்கரைப் பாகு வைப்பதையும், சில வளர்ப்பாளர்கள் கூட்டம் பறந்துவிடாதிருக்க ராணித் தேனீயின் இறக்கையை நறுக்குவதையும் எதிர்ப்பவர்கள் காட்டுகிறார்கள். ஆயினும் தேனைத் தொடாத பலர், லாரிகளில் ஏற்றிச் செல்லும் தேனீப் பெட்டிகளால் மகரந்தச் சேர்க்கை நடக்கும் பாதாமைத் தயங்காமல் உண்கிறார்கள் என்பதும் நியாயமான மறுப்புதான். 1944இல் பிரிட்டனில் தொடங்கிய வீகன் சங்கத்தின் இன்றைய வரையறை, இயன்ற அளவுக்கும் நடைமுறைக்கு உகந்த அளவுக்கும் விலங்குகளைச் சுரண்டாமல் இருப்பதையே கோருகிறது.

கேள்வி கேட்டவர்:

பண்ணையிலிருந்து மீட்கப்பட்டு அன்போடு வளரும் கோழி தானாக இட்ட முட்டையை உண்பதிலும் தவறுண்டா?

பதில் 4:

அதற்கான விடை, ஒருவர் எதை அளவுகோலாகக் கொள்கிறார் என்பதைப் பொறுத்தது. துன்பத்தை அளவுகோலாகக் கொள்பவர் அந்த முட்டையில் பெரிய குற்றம் காண மாட்டார். விலங்கு மனிதரின் உடைமையே அல்ல என்று நினைப்பவருக்கு, கேட்க முடியாத ஓர் உயிரிடமிருந்து எடுப்பதே தவறு. அத்தகையோரில் சிலர் முட்டையை உடைத்துக் கோழிக்கே தின்னக் கொடுத்து, அது இழந்த சத்தில் ஒரு பங்கைத் திருப்புகிறார்கள். சிப்பி உணவில் இதே பிளவு எதிர்ப்பக்கமாகத் தெரிகிறது. சிப்பிக்கு மூளை இல்லாததால் அது வலியை உணர வாய்ப்பு மிகக் குறைவு என்று சொல்லி அதை உண்ணும் நனிசைவர்கள் உண்டு; மற்றவர்கள் அவர்களை நனிசைவர்களாகவே ஏற்பதில்லை.