கேசட் நாடாவை மெல்லுகிறது, பாட்டு இழுக்கிறது – இந்தப் பெட்டியைத் தேற்ற முடியுமா?

பரண்வாசி:
வணக்கம். என்னிடம் ஒரு பழைய டூ இன் ஒன் இருக்கிறது, பத்து வருடமாகப் பரணில் கிடந்தது. ரேடியோ நன்றாகவே பாடுகிறது. கேசட் போட்டால்தான் முதல் அரை நிமிடம் தூக்கக் கலக்கத்தில் பாடுவது போல இழுத்து, அப்புறம் ‘கிர்க்’ என்று ஒரு சத்தம், திறந்து பார்த்தால் நாடா உருளையில் சுற்றிக்கொண்டு கொத்தாகக் கிடக்கிறது. பென்சிலை விட்டுச் சுற்றி ஒரு வழியாக மீட்டேன். நாடாவைப் படிக்கும் ஹெட்டைத் துடைத்தாகிவிட்டது. பேட்டரி காரணமோ என்று நேராகக் கரன்ட்டில் போட்டுப் பார்த்தேன், அதே கதை. பரணுக்குப் போகும் முன்பும் இப்படி இழுத்தது, அப்போது உள்ளே மோட்டாரிலிருந்து சக்கரங்களைச் சுழற்றும் ரப்பர் பெல்ட் தொளதொளவென்று இருந்ததால் சாதாரண ரப்பர் பேண்ட் ஒன்றை மாட்டி இரண்டு நாள் ஓட்டினேன். சிரிக்காதீர்கள். வீட்டில் ஒரே பாட்டு: தூக்கிப் போடு. யாராவது வழி சொல்லுங்கள்.

திருப்புளி:
சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். நானும் ஒரு காலத்தில் அதையே செய்தவன்தான். ரப்பர் பேண்ட் ஒவ்வொரு சுற்றிலும் இழுபடும், சுருங்கும், அதனால் பாட்டு அலையடிக்கும். மோட்டாருக்கும் சும்மா சுமை.

நாடா சிக்குவதற்கும் பெல்ட்தான் காரணம். ஹெட்டுக்குப் பக்கத்தில் மெல்லிய இரும்புத் தண்டு ஒன்றும் அதை அழுத்திக்கொண்டு ஒரு ரப்பர் உருளையும் இருக்கிறதல்லவா, அவை இரண்டும் நாடாவைப் பிடித்து ஒரே சீராக வெளியே தள்ளும். தள்ளிய நாடாவை வலது பக்கச் சக்கரம் உடனுக்குடன் சுருட்டிக்கொள்ள வேண்டும். பெல்ட் தளர்ந்தால் அந்தச் சக்கரம்தான் முதலில் சோர்ந்துபோகும், ஆனால் தண்டு தள்ளுவதை நிறுத்தாது. மிஞ்சும் நாடா போக இடமில்லாமல் உருளையில் ஏறிவிடும். சோதித்துப் பார்க்க, கேசட் இல்லாமல் மூடியைத் திறந்து வைத்து ப்ளே அழுத்துங்கள், வலது சக்கரத்தை விரலால் லேசாகப் பிடியுங்கள். எதிர்ப்பே இல்லாமல் நின்றுவிட்டால் பெல்ட் போச்சு.

ப்ளக்கைப் பிடுங்கிவிட்டுத் திறங்கள். கன்டென்சரில் கரன்ட் தேங்கியிருக்கலாம், அதனால் பவர் சப்ளை பக்கம் கை போகவே வேண்டாம்.

இடப்பற்றாக்குறை:
கேட்கிறேனே என்று கோபப்படாதீர்கள். அந்தப் பாட்டெல்லாம் போனில் இருக்கும்போது எதற்கு இந்தப் பாடு?

பரண்வாசி:
பாட்டு இருக்கிறது சார். நாற்பது கேசட்டில் ஏழெட்டில் நானும் அக்காவும் நாடகம் என்ற பெயரில் கத்தியது இருக்கிறது, அது எந்தப் போனில் இருக்கிறது? உண்மையைச் சொன்னால் அது மட்டும் காரணமில்லை. ப்ளே பட்டனை அழுத்தும்போது ‘டக்’ என்று விழுமே, எனக்கு அது வேண்டும்.

இடப்பற்றாக்குறை:
சரி, ‘டக்’குக்கு என்னிடம் பதில் இல்லை.

நாடாப்பூச்சி:
அந்த ஏழெட்டை இந்தப் பெட்டியில் இப்போதைக்குப் போடவே போடாதீர்கள். போனால் போகட்டும் என்கிற கேசட்டில் சோதனை செய்யுங்கள். கேசட்டின் மேல் விளிம்பில் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் காதுகள் இருக்கும், அவற்றை உடைத்துவிட்டால் தவறி ரெக்கார்டை அழுத்தினாலும் பதியாது. பெட்டி சரியானதும் முதல் வேலை, இயர்போன் துளையிலிருந்து கணினிக்கு வயர் இழுத்து, சத்தத்தைக் குறைவாக வைத்து, சத்தத்தைச் சுருக்காத வேவ் கோப்பாகப் பதிவது. 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் தாராளம். எம்பி3 பிறகு செய்துகொள்ளலாம்.

பரணில் விசிஆரும் இருந்தால் வீடியோ கேசட்டுகளை அதைவிடச் சீக்கிரம் நகலெடுங்கள். கடைசிவரை விசிஆர் செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாயும் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. இருக்கிற பெட்டிகள்தான் இனி. பழைய பிக்சர் டியூப் டிவி இருந்தால் வைத்துக்கொள்வது உங்கள் இஷ்டம், ஆனால் பின்மூடியைக் கழற்றாதீர்கள். அணைத்த பிறகும் டியூபில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கலாம்.

பரண்வாசி:
திறந்தேன். ரப்பர் பேண்ட் நூலாக இற்றுக் கிடக்கிறது. அதற்கும் உள்ளே நான் அப்போது கவனிக்காத இன்னொரு சின்ன பெல்ட்! அது பெல்ட்டாகவே இல்லை, தார் மாதிரி உருகிக் கப்பியில் ஒட்டியிருக்கிறது. தொட்டதும் கை, சட்டை, மேசை விரிப்பு எல்லாம் கறுப்பு. வீட்டில் என்ன சொன்னார்கள் என்று எழுதவில்லை.

திருப்புளி:
அந்தக் கறுப்பு ஒரு துளிகூட மிஞ்சக் கூடாது, மிஞ்சினால் புது பெல்ட் வழுக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சுக் குச்சியை நனைத்துத் தேய்த்துக்கொண்டே இருங்கள், பொறுமைதான் வேண்டும். பெல்ட் அளவுக்கு, கப்பிகளைச் சுற்றி நூலை ஓட்டி நீளம் எடுத்து, அதில் சுமார் 5 சதவீதம் குறைத்து வாங்குங்கள். இறுக்கமாக இருந்தால் நல்லது என்று நினைத்து ரொம்பச் சின்னதை மாட்டினால் மோட்டாரின் தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்துவிடும்.

பரண்வாசி:
இரண்டு பெல்ட்டும் மாட்டியாச்சு. பாடுகிறது! நாடா சிக்கவே இல்லை. ஆனால் இப்போது எல்லாப் பாடகர்களும் அவசரத்தில் இருக்கிறார்கள். போனில் 4 நிமிடம் 30 விநாடி ஓடும் பாட்டு இதில் 4 நிமிடம் 12 விநாடியில் முடிந்துவிடுகிறது.

திருப்புளி:
270 விநாடியை 252ஆல் வகுத்தால் 7 சதவீதம் கூடுதல் வேகம். சுருதி அரைக்கட்டைக்கும் கொஞ்சம் மேலேயே ஏறியிருக்கும். பெல்ட் மாற்றினால் இவ்வளவு ஏறாதே. மோட்டாரின் முதுகில் ஒரு சின்னத் துளை இருக்கும், உள்ளே வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்க்ரூ. அதை யாராவது திருகினார்களா?

பரண்வாசி:
…ரப்பர் பேண்ட் போட்ட அன்று இழுக்கிறதே என்று நான்தான்.

திருப்புளி:
நினைத்தேன். கேசட்டைப் பிலிப்ஸ் 1963இல் கொண்டுவந்ததிலிருந்து வேகம் விநாடிக்கு 4.76 செ.மீ. தான். எல்லாப் பெட்டிக்கும் அதே கணக்கு என்பதால்தான் ஒன்றில் பதிந்தது இன்னொன்றில் ஒழுங்காகப் பாடுகிறது. பிளாஸ்டிக் முனைத் திருப்புளியால் மயிரிழை மயிரிழையாகத் திருப்புங்கள், போனில் அதே பாட்டைக் கூடவே ஓட்டி ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். கடையில் வாங்கிய கேசட்டாக இருக்கட்டும், வீட்டில் பதிந்தது வேண்டாம்.

பரண்வாசி:
4 நிமிடம் 29 விநாடி! இதற்கு மேல் தொடமாட்டேன். நாடகக் கேசட் மூன்றை நகலெடுத்துவிட்டேன். கடைசியாக ஒன்று. அக்கா பேச ஆரம்பிப்பதற்கு ஒரு நொடி முன்னால், அதே வார்த்தையை யாரோ தூரத்தில் முணுமுணுப்பது போலக் கேட்கிறது. ஹெட் கோளாறா?

நாடாப்பூச்சி:
பெட்டியில் கோளாறு இல்லை. வருடக்கணக்காக நாடா ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிக் கிடந்ததில், ஒரு சுற்றின் காந்தப் பதிவு ஒட்டியிருக்கும் அடுத்த சுற்றிலும் லேசாகப் படிந்துவிட்டது. 90, 120 நிமிடக் கேசட்டுகளில் நாடா மெலிசு, அவற்றில் இது இன்னும் அதிகம். முழுதாக முன்னும் பின்னும் நாலைந்து தடவை ஓட்டிவிட்டுப் பதிந்து பாருங்கள், கொஞ்சம் அடங்கும்.

பரண்வாசி:
120 நிமிடக் கேசட்தான். நாலு தடவை ஓட்டினேன், குறைந்திருக்கிறது. அக்காவுக்குப் போட்டுக் காட்டினேன், அந்த முணுமுணுப்பு நான் பின்னாலிருந்து வசனம் எடுத்துக் கொடுத்ததாம், சத்தியம் செய்கிறாள்.