ஜூகோ (அமெரிக்காவின் இரண்டு வருட ஜூனியர் காலேஜ்) கூடைப்பந்து கோச் யாரோடாவது பழகிய அனுபவம் உண்டா?

கணக்கு வாத்தியார்:
போன வாரம் இங்கே மிசௌரியின் பழைய ஜூகோ கோச் ஜீன் பெஸ் பேச்சு வந்ததிலிருந்து மனசு சரியில்லை. நான் சொல்லப்போவது அவரைப் பற்றி அல்ல. அதே மிசௌரியில் வேறொரு இரண்டு வருடக் கல்லூரி; பேர் வேண்டாம். கோச்சுக்கு எழுபது தாண்டியிருக்கும். நான் அங்கே காலேஜ் அல்ஜிப்ரா எடுத்தேன்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு என் அறை வாசலில் நிற்பார். கையில் நாலாக மடித்த காகிதம், அதில் பையன்கள் பேர். "யார் யார் வரவில்லை?" அவ்வளவுதான் கேட்பார். வராதவன் மறுநாள் விடியும் முன் ஜிம்மில் ஓடிக்கொண்டிருப்பானாம்.

டிசம்பரில் நான் கிரேடு போட்ட அன்றும் வந்தார். அவருடைய பாயின்ட் கார்ட், அதாவது பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிற பையன், என் பாடத்தில் ஃபெயில். ஒரு செமஸ்டரில் பன்னிரண்டு க்ரெடிட் அளவுக்குப் பாடம் தேறாவிட்டால் ஜனவரியிலிருந்து ஆட முடியாது, உங்களுக்கே தெரியும். மார்க் போடச் சொல்வார், மறுக்க வேண்டும் என்று முந்தின இரவே வசனம் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் கேட்டது விடைத்தாளைத்தான். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பக்கம் பக்கமாகப் பார்த்தார். கடைசிப் பக்கம் காலி. அதன் நடுவில் விரலை வைத்து, "எழுதியே பார்க்கவில்லையா?" என்றார். இல்லை என்றேன். "தேங்க்ஸ், டாக்டர்" என்று தாளைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். நான் டாக்டரும் இல்லை.

ஜனவரியில் அந்தப் பையன் திரும்பவில்லை. எனக்கு அந்த விரல் மட்டும் மறக்கவே மாட்டேன் என்கிறது.

ராத்திரி டூட்டி:
நான் கான்சாஸில் ஹைவே ஓரத்து மோட்டலில் நைட் டெஸ்க் பார்த்தவன். பிப்ரவரி, நல்ல பனி. ராத்திரி ஒரு மணிக்கு ஒரு வேன் வந்து நின்றது. ஓட்டி வந்தவரே கோச். பின்னால் பன்னிரண்டு நெட்டைப் பையன்கள், ஒருத்தனும் வாய் திறக்கவில்லை. இருபது டாலரை நீட்டி, வாஷிங் மெஷினில் போட எல்லாம் குவார்ட்டராக, அதாவது 25 சென்ட் காசாகக் கேட்டார்.

டவல் எடுக்க இரண்டரைக்குப் போனால், மனுஷன் டிரையர் முன்னால் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். மடியில் ஒரு ஜெர்சி, அதில் நம்பர் பிய்ந்து தொங்குகிறது. கையைத் தூர நீட்டி ஊசியில் நூல் கோக்கப் பார்க்கிறார், போகவில்லை. நான் வாங்கிக் கோத்துக் கொடுத்தேன், ஊரில் ஆயாவுக்குக் கோத்துக் கொடுப்பது போல. ஜெயித்தீர்களா என்று கேட்டுத் தொலைத்தேன். "31 பாயின்டில் தோற்றோம்" என்று சொல்லிவிட்டு நூலைப் பல்லால் கடித்தார். எந்தக் கல்லூரி என்றுகூடக் கேட்காமல் விட்டுவிட்டேன்.

ஹட்ச் ரசிகன்:
டூட்டி அண்ணே, கதை நன்றாக இருக்கிறது, ஆனால் அதை எளிமை என்று யாரும் கொண்டாடிவிட வேண்டாம். துணி துவைக்க ஆள் போடப் பணமில்லை, அதனால் கோச் துவைக்கிறார். பெரிய யூனிவர்சிட்டி கோச் விமானத்தில் தூங்கும் நேரத்தில் இவர் பனியில் வேன் ஓட்டுகிறார்.

போன வாரம் ஒருத்தர் பெஸ்ஸின் 1,300 வெற்றியும் சின்ன டீம்களோடுதானே என்று எழுதினார். ஐயா, அங்கே ஒரு பையன் ஆடுவதே இரண்டு வருடம். 1970 முதல் 2020 வரை, ஐம்பது வருடம், வருடா வருடம் பாதி டீம் புதுசு. அதிலும் 1979, 1992 என இரண்டு முறை தேசிய சாம்பியன். பின்னால் என்பிஏ நட்சத்திரமான லாட்ரெல் ஸ்ப்ரீவெல் அவரிடம் ஆடிவிட்டுத்தான் அலபாமா யூனிவர்சிட்டி போனார். 2023இல் கூடைப்பந்தின் பெரிய கௌரவமான நெய்ஸ்மித் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தது சும்மாவா?

என் கதை சின்னது. மார்ச்சில் கான்சாஸில் இருக்கும் ஹட்சின்சன் போயிருந்தேன், 1949 முதல் அங்கேதானே ஜூகோ தேசியப் போட்டி. முதல் ரவுண்டிலேயே தோற்ற ஒரு கோச், சட்டை வியர்வையில் ஒட்டியிருக்க, வாசலில் நின்று ஆள் தேடி வந்த பெரிய காலேஜ்காரர்களிடம் தன் பையன்களை ஒவ்வொருவராக இழுத்து வந்து அறிமுகம் செய்தார். பெண்ணுக்கு வரன் பார்க்கிற தகப்பன் மாதிரி. கடைசிப் பையனை யாரும் கேட்கவில்லை. அவனோடு நின்று பாப்கார்ன் சாப்பிட்டார்.

டெக்சாஸ் அப்பா:
என் மகனை டிரைஅவுட்டுக்கு, அதாவது டீமுக்கு ஆள் எடுக்கும் தேர்வுக்கு, ஒரு ஜூகோவுக்கு அழைத்துப் போனேன். கோச் அவன் ஷாட்டைப் பார்க்கவில்லை, பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது என்ன செய்கிறான் என்று பார்த்தார். வேண்டாம் என்றுவிட்டார். அவ்வளவுதான்.

ஆனால் பிள்ளைகளை அனுப்புகிறவர்கள் கவனிக்க வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். எல்லா ஜூகோவும் ஒன்றல்ல. ஜூகோ விளையாட்டை நடத்தும் சங்கமான என்ஜேசிஏஏவின் டிவிஷன் ஒன்றில் தங்குமிடம், சாப்பாடு வரை ஸ்காலர்ஷிப் கிடைக்கலாம். இரண்டில் ஃபீஸ், புத்தகத்தோடு சரி. மூன்றில் விளையாட்டுக்கு ஸ்காலர்ஷிப்பே கிடையாது. கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜ்கள் இதில் சேராத தனிக் கூட்டம், அங்கும் விளையாட்டுக்குப் பணம் தரமாட்டார்கள். எடுக்கிற க்ரெடிட் அடுத்த காலேஜில் செல்லுமா என்று எழுத்தில் வாங்குங்கள், கோச் வாய்வார்த்தையை நம்பாதீர்கள். இப்போது டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் (காலேஜ் மாற விரும்பும் ஆட்டக்காரர்களின் பட்டியல்) வந்த பிறகு பெரிய காலேஜ்கள் ஏற்கெனவே வேறொரு பெரிய காலேஜில் ஆடியவனைத்தான் முதலில் தேடுகின்றன. அதனால் கணக்குப் பாடத்தை முதல் செமஸ்டரிலேயே முடித்துவிடச் சொல்லுங்கள், சீசன் நடுவில் வைக்காதீர்கள். என்பிஏ நட்சத்திரம் ஜிம்மி பட்லர் டெக்சாஸின் டைலர் ஜூகோவிலிருந்து வந்தார் என்று எல்லோரும் சொல்வீர்கள். ஒரு பட்லர்தான் வந்தார்.

வாத்தியார் சார், ஒன்றிரண்டு மார்க்தான் என்றால் போட்டிருக்கலாம். அந்தக் கிழவரும் அதை எதிர்பார்த்துத்தான் வந்திருப்பார்.

கணக்கு வாத்தியார்:
அப்படித் தெரியவில்லை சார். எத்தனை மார்க் குறைவு என்று அவர் கேட்கவே இல்லை.

60 வேண்டும். 59.4 இருந்தது. தாளின் மேல்பக்கம் மார்க் எழுதும் பழக்கம் எனக்கு இல்லை, கணினியில்தான் இருந்தது. நானும் சொல்லவில்லை.

அடுத்த திங்கட்கிழமையும் எட்டு மணிக்கு வந்தார். காகிதத்தில் ஒரு பேர் குறைவு.