மேலத்தெரு சொந்தங்கள்: மறுவீட்டுக்குப் பாலில்லாத சாப்பாடு

சனிக்கிழமை, மாலை 6:40

கோமதி அம்மா: எல்லாரும் பாருங்க. நாளைக்கு இல்ல, அடுத்த ஞாயிறு நந்தினி மறுவீடு. மாப்பிள்ள பால், தயிர், நெய், தேன் எதுவும் தொட மாட்டாவளாம். கல்யாணத்தன்னைக்கே தயிர விட்டுட்டு எந்திரிச்சிருக்காவ, யாரும் கவனிக்கல. சமையக்காரர் நாளைக்கு லிஸ்ட் கேக்காரு

சங்கரன் பெரியப்பா: நெய் இல்லாம விருந்தா

முருகேசன் சித்தப்பா: அண்ணே உங்களுக்கு டாக்டரே நெய் கூடாதுன்னுட்டாரு

பிரியா அக்கா: ஒவ்வாமையா, கொள்கையா? ஒவ்வாமைன்னா பால் பட்ட கரண்டிகூட ஆகாது

நந்தினி: கொள்கைதான்க்கா. கடலை, முந்திரி, சோயா எல்லாம் சாப்பிடுவாவ

செல்வி சித்தி: இன்னைக்கு மத்தியானம் எங்க வீட்டுல எல்லாத்தையும் பண்ணி ருசி பாத்தாச்சு. பெருசா எழுதுதேன், முழுசா படிங்க. மறுவீட்டுச் சாப்பாட்டுல முக்காவாசிக்குப் பாலே கிடையாது. சொதி தேங்காப்பால். இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்கு சிப்ஸ், கூட்டு, ரசம் ஒண்ணுலயும் சிக்கல் இல்ல. அவியலுக்குத் தயிர் வேண்டாம், மாங்காத் துண்டு போட்டாப் போதும். சொதியத் தாளிக்கத் தேங்கா எண்ணெய், நெய் இல்ல. இத சமையக்காரர்ட்ட ரெண்டு தடவ சொல்லணும், கைப்பழக்கத்துல ஊத்திருவாரு. இடிக்கிறது மூணே இடம்: காப்பி, தயிர், பருப்புக்கு ஊத்துத நெய்

சங்கரன் பெரியப்பா: 🙏

கார்த்தி: சித்தி காப்பிக்கு எது தேறிச்சு

செல்வி சித்தி: தேங்காப்பால் முதல்லயே அவுட். எண்ணெய் மேல மிதக்கு, காப்பி மணத்த அமுக்கிருது. வீட்டுல அரைச்ச ஓட்ஸ் பால் சூடேத்துனதும் கஞ்சி மாதிரி கொழகொழன்னு ஆயிரும். ஓட்ஸ்ல உள்ள மாவுச்சத்து வேகுதுல்லா, அதான். கடைப் பாலுக்கு என்சைம் போட்டு அந்த மாவுச்சத்த உடைச்சிருவாவ, அதனால கொழகொழக்காது. பாதாம் பால் தண்ணி. சோயாப் பால் திக்கு, நிறமும் சரியா இருக்கு, ஆனா திரியும். டிகாக்‌ஷன்ல புளிப்பு உண்டு. புளிப்பும் கொதியும் சேந்தா சோயாப் புரதம் கட்டி கட்டியா பிரிஞ்சு நிக்கும்

முருகேசன் சித்தப்பா: சோயா காப்பிய நானும் குடிச்சேன். அவிச்ச மொச்ச வாசம்

செல்வி சித்தி: அது அரைக்கிற விதம். ஊறுன சோயாவப் பச்சத் தண்ணில அரைச்சா அந்த வாசம் வரத்தான் செய்யும். கொதிக்கிற தண்ணி ஊத்தி அரைக்கணும். அப்புறம் வடிகட்டி 20 நிமிசம் கொதிக்க விடணும். பச்சையாக் குடிச்சா வயிறு கெடும். பொங்கும், பெரிய பாத்திரமா வைங்க

கோமதி அம்மா: அறுபது பேருக்கு யாரு அரைக்க

செல்வி சித்தி: மாப்பிள்ளைக்கும் கூட நாலஞ்சு பேருக்கும் மட்டும்தான். கடையில சக்கரை போடாத சோயாப் பால் ஒரு லிட்டர் போதும். பால் ஆவி பறக்குத சூட்டுல இறக்கிரணும், கொதிக்கக் கூடாது. டிகாக்‌ஷன் அப்ப இறக்குனதா இருக்கணும். பழசச் சுட வச்சா புளிப்பு கூடிரும். பால்ல டிகாக்‌ஷனக் கொஞ்சங்கொஞ்சமா ஊத்திக் கலக்கணும். அப்பவும் திரிஞ்சா லிட்டருக்கு ரெண்டு சிட்டிகை சோடா உப்பு. கூடுனா சோப்பு ருசி அடிக்கும்

பிரியா அக்கா: காப்பிக்குன்னே தனியா ஓட்ஸ் பால் விக்குது. அதுல பாஸ்பேட் உப்பு போட்டிருப்பாங்க, புளிப்ப அடக்கிரும், திரியாது. விலைதான் கூட. பெங்களூர்ல இருந்து ரெண்டு பாக்கெட் கொண்டு வாரேன்

கார்த்தி: பால் பவுடர் மாதிரி ‘நான் டெய்ரி’ன்னு, அதாவது பாலில்லாததுன்னு, ஒண்ணு கடையில பாத்தேன். அது ஆகாதா?

பிரியா அக்கா: பின்னாடி படி. சோடியம் கேசினேட்னு இருந்தா அது பால் புரதம்தான். பச்சைப் புள்ளியையும் நம்பாத, பாலும் நெய்யும் சைவக் கணக்குல பச்சைப் புள்ளிதான் வாங்கும். வீகனுக்குன்னு, அதான் மாப்பிள்ள மாதிரி பால், நெய், தேன் தொடாதவங்களுக்கு, 2022 விதிப்படி தனி முத்திரை இருக்கு, பச்சையில வி எழுத்து, மேல ஒரு இலை

சங்கரன் பெரியப்பா: அல்வா?

கோமதி அம்மா: நம்ம அல்வாவ மாப்பிள்ளைக்கு வைக்க முடியாதுல்லா அத்தான். நெய்யிலயே மிதக்குமே

பிரியா அக்கா: முதலூர் மஸ்கோத் அல்வா வாங்குங்க சித்தி. அது தேங்காப்பால்ல கிண்டுதது, நெய் வேண்டாம். வாசத்துக்கு நெய் விடுதாவளான்னு மட்டும் கடையில கேட்டுக்கிடுங்க

முருகேசன் சித்தப்பா: இது நல்ல யோசன. எனக்கு ஒரு கிலோ

ஆச்சி: 🎤 குரல் செய்தி 0:48

கார்த்தி: ஆச்சி என்ன சொல்லுதாவ? பஸ்ல இருக்கேன், கேக்கல

நந்தினி: பாசிப்பருப்புப் பாயசத்துக்குப் பசும்பால் எதுக்கு, தேங்காப்பால் விடுங்கன்னு. கருப்பட்டிப் பாகு ஆறாம ஊத்துனா திரியும்னு

செல்வி சித்தி: அத்த சொல்லுதது சரி. பாக வடிகட்டி, இறக்கி, ஆவி அடங்குனப்புறம் முதல் பால். சொதிக்கும் அதான். ரெண்டாம் பால், மூணாம் பால்ல காய், பாசிப்பருப்பு வேகணும். முதல் பால் ஊத்தி ஓரத்துல நுரை கட்டுனதும் அடுப்ப அணைச்சிரணும். எலுமிச்ச சூடு தணிஞ்சுதான். அஞ்சு பேருக்கு ஒரு தேங்கா வைங்க, சொதிக்கு மட்டும் 12. பாயசத்துக்குத் தனி

முருகேசன் சித்தப்பா: தேங்கா பெரியண்ணன் தோப்புல இருந்து

சங்கரன் பெரியப்பா: பிரியா மறுவீட்டுக்கு யாரும் இப்படிக் கூட்டம் போட்டு ருசி பாக்கல

பிரியா அக்கா: அப்பா 😶

கோமதி அம்மா: அத்தான், அன்னைக்குப் பாயசம் பத்தலைன்னு இன்னும் மனசுல வச்சிருக்கீங்களா

முருகேசன் சித்தப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

செல்வி சித்தி: தயிருக்கு வாரேன். முந்திரித் தயிர் ருசி நல்லாருக்கு, ஆனா தித்திப்பு தட்டுது, மோருக்கு ஆகாது. வேர்க்கடலைத் தயிர்தான் தேறிச்சு. ஒரு டம்ளர் பச்சக் கடலைய ராத்திரி ஊறவச்சு, தோல முழுக்க எடுத்திரணும். தோல் இருந்தா துவர்க்கும். ரெண்டரை டம்ளர் தண்ணி விட்டு நைசா அரைச்சு, வடிகட்டி, 10 நிமிசம் கை விடாமக் கிண்டிக் காய்ச்சணும். விட்டா அடி பிடிக்கும், அந்த வாசம் தயிர் வரைக்கும் வரும். வெதுவெதுன்னு ஆறுனதும் பச்சமிளகாக் காம்பு பத்து, கழுவித் துடைச்சுப் போட்டு மூடி வைங்க. முதல் தடவ தோயுதது புளிச்சு, இழுபடும். அதச் சாப்பிட வேண்டாம், உறைக்கு மட்டும். அதுல ஒரு கரண்டி போட்டு ரெண்டாவது தடவ தோய்ச்சாத்தான் தயிர்

கோமதி அம்மா: அப்ப வியாழக்கிழமையே ஆரம்பிக்கணுமா

செல்வி சித்தி: ஆமா. வியாழன் ராத்திரி காம்பு, வெள்ளி ராத்திரி அந்த உறை, சனி ராத்திரி பந்திக்கு உள்ளது. இந்தத் தயிர் சீக்கிரம் புளிக்கும், தண்ணியும் விடும். தயிர்ச் சாதம் முன்கூட்டியே பிசையாதீங்க. சோறு சூடா இருக்கும்போது முந்திரிப் பால் விட்டு மசிச்சு வச்சு, இலை போடும்போது தயிர் சேருங்க. பெருங்காயம், இஞ்சி தாராளமா தாளிச்சா கடலை வாசம் தெரியாது

சங்கரன் பெரியப்பா: எங்களுக்கு எருமத் தயிர் தனியா இருக்கும்லா

நந்தினி: இருக்கும் பெரியப்பா. கரண்டி மட்டும் மாத்திராதீங்க

கார்த்தி: பருப்புக்கு நெய்?

செல்வி சித்தி: தேங்கா எண்ணெய்ல ஒரு கொய்யா இலை, ஒரு கொத்து கறிவேப்பில போட்டு இலை மொறுமொறுன்னு ஆகுத வரைக்கும் சின்னத் தீயில காய்ச்சி, வடிகட்டி, துளி மஞ்சப்பொடி. மணம் கிட்டக்க வருது. நாக்குல வச்சா நெய் இல்லன்னு தெரிஞ்சிரும். சூட்டோட சோத்துல ஊத்துனா ஒப்பேறும். என்னயக் கேட்டா நல்லெண்ணெய்யே ஊத்திரலாம், வேசம் எதுக்கு

முருகேசன் சித்தப்பா: பன்னீருக்குப் பதில் டோஃபுன்னு ஒண்ணு கொடுத்தா. அழிரப்பர்

செல்வி சித்தி: வெயிட் வச்சுத் தண்ணிய எடுக்காம பொறிச்சது இவிய வேல. அரை மணி நேரம் அம்மிக்கல்லுக்கு அடியில வச்சிருக்கணும். அது லிஸ்ட்லயே வேண்டாம்

கோமதி அம்மா: சரி. சொதி, பாயசம், மஸ்கோத் முடிவு. கடலைத் தயிர் செல்வி பொறுப்பு. காப்பிக்கு சோயாவா ஓட்ஸா?

பிரியா அக்கா: ரெண்டும் வச்சுப் பாப்போம்

செல்வி சித்தி: நல்லெண்ணெய்யா, கொய்யா இலையா? அதச் சொல்லல

கோமதி அம்மா: சமையக்காரரக் கேட்டுச் சொல்லுதேன்

சங்கரன் பெரியப்பா: தேங்கா 20 போட்டு வைக்கச் சொல்லிருக்கேன். உரிக்க ஆள் நீங்க பாத்துக்கிடுங்க

கார்த்தி: வேனுக்கு யாரு சொல்லிருக்கா?

முருகேசன் சித்தப்பா: நீ சொல்லலையா?